பட்டறைப் பிறேக்கும் பெட்டிக்குள் வந்த பிறேக்கும்

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஒரு பழைய காரை வாங்கி அதை வேகமாக்க நினைப்பவருக்கு எஞ்சினைப் பற்றிப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பேச்சு பிறேக்குக்கு வந்ததும் கராஜ் வாசலில் நிற்பவர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். பெட்டி உடைக்காமல் வந்த சாமானைத் தவிர வேறெதையும் சில்லுக்குக் கிட்ட விடமாட்டேன் என்பது ஒரு கட்சி. அவர்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை இருக்கிறது. அங்கே அகப்படாவிட்டால் லண்டனில் ஒரு மச்சான் இருப்பார். மற்றக் கட்சிக்கு லேத் மெசின் போதும். "உதுக்கு ஏன் தம்பி காசைக் கொட்டுறீர், நான் கடைஞ்சு தாறன்" என்று தொடங்கி, "உதெல்லாம் நாங்கள் தொண்ணூறிலேயே செய்து பார்த்த வேலை" என்று முடிப்பார்கள்.

வீட்டில் செய்த பாகமா தொழிற்சாலைப் பாகமா என்ற வழக்கு உலகம் முழுவதும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் யாழ்ப்பாணத்துக்கே உரியது. இங்கே பட்டறைக் கட்சி வெறும் சிக்கனத்தை முன்வைக்கவில்லை, ஒரு வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறது. ஆகவே அந்தச் சாட்சியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. உதிரிப்பாகங்களும் அப்படியே. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம், ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்த காலம். அந்தக் கார்கள் நின்றுவிடாமல் ஓடியதற்குக் காரணம் ஊர் மெக்கானிக்குகளின் கையும் மூளையும்தான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த ஆண்டுகள் பட்டறைப் பிறேக்கைச் சோதித்தனவா? என் கணிப்பில் இல்லை. அவை சோதித்தது எஞ்சினை. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் முக்கி முனகி மணிக்கு 40 கிலோமீற்றர் போகும். வீதியில் வேறு வாகனம் அரிது. வீதியும் குண்டும் குழியும். போதாததற்கு நிலம் முழுவதும் தட்டை. கொழும்புத்துறையிலிருந்து பருத்தித்துறை வரை போனாலும் பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கவேண்டிய ஓர் இறக்கம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பிறேக்கும் நல்ல பிறேக்தான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 62 கிலோஜூல். 100 கிலோமீற்றரில் அது 386 கிலோஜூல். வேகம் இரண்டரை மடங்கு. பிறேக் விழுங்கவேண்டிய வெப்பம் ஆறு மடங்குக்கும் மேல். முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 10 கிலோ வார்ப்பிரும்பு, அவை மொத்த வேலையில் எழுபது வீதத்தைச் செய்கின்றன என்று வைத்தால், 40 இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்கின் சூடு 9 பாகை ஏறும். 100 இலிருந்து நிறுத்தினால் கிட்டத்தட்ட 60 பாகை. ஆறவிடாமல் ஐந்தாறு தடவை அப்படி நிறுத்தினால் 350 பாகையைத் தாண்டிவிடும். தொண்ணூறுகளின் லைனிங் அந்தச் சூட்டைக் கண்டதே இல்லை.

குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ற்றில் மூடி, போர் முடிந்தபின் நிலையாகத் திறந்தபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் மறுபடி மலையைக் கண்டன. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். கண்டி 500 மீற்றர். இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது அந்த ஆயிரம் கிலோ கார் இழக்கும் நிலை ஆற்றல் 13 மெகாஜூலுக்கு மேல். மணிக்கு 100 இலிருந்து முப்பத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து எஞ்சினிடம் ஒரு பங்கைக் கொடுக்கலாம். காற்றும் ரயரும் ஒரு பங்கைத் தின்னும். மிச்சம் பிறேக்கின் தலையில். தட்டை நிலத்தில் இருபது வருடம் குறை சொல்லாமல் ஓடிய கார் அங்கே முதல் பத்து வளைவுக்குள் தன் குணத்தைக் காட்டிவிடும்.

ஒரு வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டறையில் செய்த எஞ்சின் பாகம் பழுதானால் கார் நிற்கும். பட்டறையில் செய்த பிறேக் பாகம் பழுதானால் கார் நிற்காது. தடைக்காலத்து மெக்கானிக்குகளில் விவரமானவர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். எஞ்சினில் எடுத்த சுதந்திரத்தை அவர்கள் பிறேக்கில் எடுக்கவில்லை. பெருமை பேசுகிற அடுத்த தலைமுறைதான் இரண்டையும் ஒரே கூடைக்குள் போடுகிறது.

இதனால் பெட்டிக் கட்சி வென்றுவிட்டது என்றும் இல்லை. பிறேக் லைனிங் பிறந்ததே தொழிற்சாலைக்கு வெளியில்தான். 1888 ஓகஸ்ற்றில் பேர்த்தா பென்ஸ் கணவரின் மூன்று சில்லு வண்டியை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். வழியில் மரப் பிறேக் கட்டை தேய்ந்துபோக, கிராமத்துச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன்மேல் தோல் அடிப்பித்தார். ஒன்பது ஆண்டு கழித்து இங்கிலாந்தில் ஹேர்பேட் ஃபுறூட் என்பவர் லைனிங் செய்யத் தொடங்கினார். குதிரை வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்தைப் பிறேக் கட்டையில் அடித்து ஓட்டியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். அவர் தொடங்கிய ஃபெறோடோ என்ற பெயர் இன்றும் பெட்டியில் வருகிறது. வீட்டு வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் நடுவே ஃபுறூட் போட்ட கோடு சோதனை. ஒரே கலவையை எத்தனை தரம் சூடாக்கினால் எவ்வளவு பிடிக்கும், எப்போது வழுக்கும் என்று அளந்து எழுதிவைத்ததுதான் அவரைச் செருப்புத் தைப்பவரிடமிருந்து பிரித்தது.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பாகம் பாகமாகப் பார்த்தால் இரண்டு கட்சியும் பாதி சரி.

டிஸ்க் பிறேக் இல்லாத காருக்கு டிஸ்க் போடும்போது கலிப்பரைப் பிடித்து வைத்திருக்கும் பிறாக்கெற்றை லேத்தில் செய்யலாம். உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். பெட்டியில் வரும் பல மாற்றுத் தொகுதிகளிலும் அதே தகட்டைத்தான் யாரோ ஒரு சிறு பட்டறையில் வெட்டியிருப்பார்கள். ஆனால் அதில் விழும் பாரம் தெரிந்து செய்ய வேண்டும். மேலே சொன்ன ஆயிரம் கிலோ காரை முழுப் பலத்தோடு அமத்தினால் ஒவ்வொரு முன் பிறாக்கெற்றையும் ஏறத்தாழ 900 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கும். அதைத் தாங்குவது தகட்டின் தடிப்பு மாத்திரமில்லை, போல்ற்றும்தான். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்த போல்ற் என்றால் அதன் பலம் தெரியும். இரும்புக்கடையில் கிலோக் கணக்கில் நிறுக்கிற எண்ணில்லாத போல்ற்றுக்கு யாரும் உத்தரவாதம் இல்லை. நல்ல தகட்டில், கூர்மூலை விடாமல், துளைக்கு நடுமையம் தவறாமல் வெட்டிய பிறாக்கெற் முறிவதற்கு முன் வளையும், வெடிப்புக் காட்டும். கண்ணால் பார்த்துக் கழற்றிவிடலாம். இந்தப் பாகத்தில் என் வாக்கு பட்டறைக்கு.

டிஸ்க் அப்படியில்லை. இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி லேத்தில் ஏற்றிப் பளபளப்பாக்கினால் பார்வைக்கு டிஸ்க்தான். காரின் டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பு. அதற்குள் படலம் படலமாகக் கிடக்கும் கரி வெப்பத்தைக் கடத்தி அதிர்வையும் அடக்கும். சாதாரண உருக்குத் தகடு சூட்டில் கோணும், பெடலில் துடிக்கும். மோட்டார் சைக்கிளில் உருக்கு டிஸ்க் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது; அது வேறு உருக்கு, அதற்கென்று செய்த பாட், காரில் பாதிகூட இல்லாத எடை. டிறில் மெசினால் டிஸ்கில் துளை போட்டுப் பந்தயக் கார் அழகு காட்டுவது அதைவிட மோசம். விளிம்பு சீவாத ஒவ்வொரு துளையும் வெடிப்புக்கு ஒரு தொடக்கப்புள்ளி. வார்ப்பிரும்பு வளையாது, பிளக்கும்.

அலுமினியத்தை உருக்கி மணல் அச்சில் வார்த்துக் கலிப்பர் செய்யலாமா என்று கேட்கிற துணிச்சல்காரர்களும் உண்டு. வேண்டாம். அவசரமாக அமத்தும்போது பிறேக் ஒயிலின் அழுத்தம் 100 பார் அளவுக்குப் போகும். மணல் வார்ப்புக்குள் ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழியைப் பார்க்க ஊரில் கருவி இல்லை.

லைனிங் விடயத்தில் கொஞ்சம் தயங்கித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் பிறேக் சூவில் புதுசு வைத்து றிவெற் அடிப்பது யாழ்ப்பாணத்தில் பரம்பரைத் தொழில். லொறிக்கும் ரக்ரருக்கும் ஹயர் கார்களுக்கும் அது இன்றும் சரியாகவே வேலை செய்கிறது. நான் அதை வீட்டுப் பாகம் என்று சொல்லமாட்டேன்; உராய்வுப் பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தது, ஒட்டினது மட்டும்தான் இங்கே. குழப்பம் எங்கே வருகிறதென்றால், லொறி லைனிங்கைச் சீவிச் சிறிய காருக்கு வைக்கும்போது. பாரமான வாகனத்துக்குக் கலந்த பொருள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். இலேசான காரில் காலையில் போடும் முதல் பிறேக்கில் அது சூடாகியிராது. சீவும்போது பறக்கும் தூசியையும் மறக்கக்கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது, முகத்தை மூடாமல் ஊதித் துடைக்கிற பழக்கம் நெஞ்சுக்கு நல்லதல்ல.

பிறேக் ஒயிலிலும் றபரிலும் தயக்கத்துக்கு இடமேயில்லை. தொடக்ககாலத்தில் ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கலந்துதான் பிறேக் ஒயில் செய்தார்கள் என்பது உண்மை. இதைக் கேள்விப்பட்டவர்கள் நமது வளவு வேலியிலேயே ஆமணக்கு நிற்கிறதே என்று கண்ணைச் சிமிட்டுவார்கள். ஆனால் அது அந்தக்கால இயற்கை றபருக்கும் அந்தக்கால வேகத்துக்கும் செய்த கலவை. இன்றைய கப் றபர்கள் டொட் 3, டொட் 4 வகை ஒயிலுக்கென்றே வார்த்தவை. அதற்குள் எஞ்சின் ஒயில் கலந்தால் றபர் ஊதிப் பெருத்து, பிஸ்டன் திரும்பாமல் இறுகும், அல்லது கசியும். மாறிப்போன ஒயிலைக் கழுவி ஊற்றியதோடு காரியம் முடியாது, முழுத் தொகுதியின் றபரையும் மாற்ற வேண்டும்.

புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, 3.7 வீதம் நீர் சேர்ந்ததும் கொதிநிலை 155 வரை இறங்கிவிடலாம். கடல்நீரேரிக் காற்று வீசும் கொழும்புத்துறையிலும் பாசையூரிலும், மூடி சரியாக இறுக்காமல் கராஜ் தட்டில் மாதக்கணக்கில் கிடந்த ரின்னிலிருந்து ஊற்றினால், பெட்டியில் வந்த விலை உயர்ந்த கலிப்பருக்குள்ளும் ஒயில் கொதிக்கும். ஆவி நசியும், பெடல் தரைவரை போகும். உப்புக்காற்று உருக்குப் பைப்பையும் வெளியிலிருந்து தின்கிறது. அதற்குச் செம்பு போடலாம் என்பது பழைய யோசனை. வெறும் செம்பு அதிர்வில் இறுகி முறியக்கூடும். செம்போடு நிக்கல் சேர்ந்த பைப் உப்பையும் அதிர்வையும் தாங்கும், கையால் வளைக்கவும் முடியும். அதன் முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி ஒன்றை ஒரு கராஜ் வாங்கிவைத்தால் பைப் வேலை முழுவதையும் ஊரிலேயே நம்பிச் செய்யலாம். நான் பார்த்தவரையில் அந்தக் கருவிக்குப் பணம் போடத் தயங்குகிறவர்கள்தான் அதிகம்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. காரை மாற்றியமைப்பவர்களில் அனுபவசாலிகள் எப்போதும் போவது அதில்தான்: வேறொரு காரின் தொழிற்சாலைப் பாகத்தை எடுத்துப் பூட்டுவது. மொறிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணம். 1948 இல் வந்த அந்தக் காருக்கு நான்கு சில்லிலும் 7 அங்குல டிறம். 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிறம்மை 8 அங்குலமாக்கினார்கள். அதே குடும்பத்து ஸ்போட்ஸ் காரான ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் 1958 இல் மைனரின் ஸ்ரியரிங் றாக்கையும் 7 அங்குல டிறம்மையும் கொண்டு பிறந்தது. அதற்கும் 1962 இல் 1098 சிசி வந்ததும் முன்னுக்கு டிஸ்க் போட்டார்கள். பலம் கூடினால் பிறேக் கூடவேண்டும் என்பதைத் தொழிற்சாலையே இரண்டு காரிலும் ஒரே ஆண்டில் செய்து காட்டிவிட்டது. மைனரின் அடித்தளத்தில் கட்டிய றைலி 1.5 இன் 9 அங்குல முன் டிறம்மைக் கழற்றி மைனருக்குப் பூட்டுவது இங்கிலாந்தில் பல பத்தாண்டாகச் செய்கிற வேலை. மொறிஸ் ஒக்ஸ்போட் வைத்திருப்பவருக்கு இன்னும் வசதி. அதன் மூன்றாம் தொடர்தான் இந்தியாவில் அம்பாசடராக 2014 வரை வெளிவந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் சாமான் கிடைக்கும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியதைப் பழைய கார்க்காரர்கள் யாத்திரிகர்களைவிட ஆவலாக வரவேற்றிருக்க வேண்டும்.

மிற்சுபிஷி லான்சர் வைத்திருக்கும் இளைஞர்களும் இதே வழியில்தான் யோசிக்கிறார்கள். 1998 இல் வந்த ஐந்தாவது லான்சர் எவலூஷனிலிருந்து பிறெம்போ கலிப்பர் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தது. பாவித்த அந்தக் கலிப்பரை வாங்கிச் சாதாரண லான்சரில் பூட்ட ஆசை. இங்கேதான் பெட்டிக் கட்சி சறுக்குகிறது. பாகம் ஒறிஜினல் என்பதால் தொகுதியும் ஒறிஜினல் ஆகிவிடாது. பெரிய பிஸ்டனுக்கு அதிக ஒயில் வேண்டும். பழைய மாஸ்ரர் சிலிண்டரால் அதைத் தள்ள முடியாமல் பெடல் ஆழமாகப் போகும். சரி, முக்கால் அங்குல மாஸ்ரருக்குப் பதில் எட்டில் ஏழு அங்குலம் போடுவோம் என்றால் பெடல் மேலே நிற்கும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 36 வீதம் கூட மிதிக்க வேண்டும். முன் பிறேக் மட்டும் பெருத்தால் பின் பிறேக் சும்மா இருக்கும், நிறுத்தும் தூரம் நினைத்த அளவு குறையாது. பின் பிறேக் பெருத்தாலோ பின் சில்லு முந்திப் பூட்டிக் கார் சுழலும். இது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

மைனரில் இன்னொரு சில்லறைச் சங்கடம் உண்டு, பலர் இதில் மாட்டுவார்கள். அதன் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. டிறம்முக்காகப் பைப்பில் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உள்ளே உண்டு. டிஸ்க் போட்டுவிட்டு அதை அப்படியே விட்டால் பாட் ஓயாமல் உரசிச் சூடாகும். அதைக் கழற்றி எறிந்தால், மாஸ்ரர் தாழ்வாக இருப்பதால் ஒயில் திரும்பி வடிந்து முதல் மிதி வெறும் மிதியாகும். 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று போட்டால் இரண்டும் தீரும். அதைக் கடைந்து எடுக்க முடியாது, வாங்கத்தான் வேண்டும். அதோடு அந்தக் காருக்கு ஒரே ஒயில் வழிதான். ஒரு பைப் வெடித்தால் நான்கு சில்லும் போய்விடும். டிஸ்குக்குச் செலவழிக்கிற காசில் முதலில் முன் பின்னாகப் பிரித்த இரட்டை மாஸ்ரர் போடச் சொல்வேன்.

பெட்டி என்றதும் நம்பிவிடவும் முடியாது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலப் பெட்டி அச்சடிப்பது பாட் செய்வதைவிடச் சுகம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் பழைய கார்களே ஓடவேண்டி இருந்ததால் பாவித்த சாமானுக்கும் போலிக்கும் நல்ல காலம். பாட்டின் முதுகிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும் இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது மிகுந்த சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாம் எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால் மலை இறக்கத்தில் பிடி குறையும் என்று அர்த்தம். ஐரோப்பாவில் மாற்றுப் பாட் விற்கவேண்டுமென்றால் ஐநா விதி 90 இன்படி அதன் பிடி ஒறிஜினலிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகக்கூடாது. மச்சான் அனுப்பும் பொதியின் மதிப்பு இந்த விதியில்தான் இருக்கிறது. லண்டன் முத்திரையில் இல்லை.

தொழிற்சாலை என்றால் வெள்ளைக்காரன் நாடு என்ற நினைப்பும் பழசு. சென்னைப் பாடியில் பிறேக்ஸ் இந்தியா 1962 இல் இங்கிலாந்தின் கேர்லிங் பிறேக் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கியது. சுந்தரம் பிறேக் லைனிங்ஸ் 1974 இல் வந்தது. கோயம்புத்தூரின் கரிவர்தன் 1988 இல் மாருதி 800 இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபோர்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். உடற்சட்டத்தை அவரே வடிவமைத்தார், எஞ்சினைத் தொழிற்சாலையிடமே விட்டார். எதைத் தான் செய்வது, எதை வாங்குவது என்ற தெரிவுதான் அந்தக் காரை மற்றவர்களும் வாங்கி ஓட்டக்கூடியதாக்கியது.

சட்டத்தையும் பார்க்கலாம். ஜேர்மனியில் இருக்கும் நமது ஆட்கள் அனுமதிப் பத்திரம் இல்லாத பிறேக் பாகம் ஒன்றைப் பூட்டினால் வாகனம் வீதியில் ஓடும் உரிமையையே இழக்கலாம். இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. ஆனால் தகுதிச் சான்றிதழ் கேட்பது பஸ், லொறி போன்றவற்றிடம். தனியார் காரின் புகையை 2008 தொடக்கம் ஆண்டுதோறும் அளக்கிறார்கள், பிறேக்கை யாரும் அளப்பதில்லை. எனவே சோதிக்கும் பொறுப்பு மாற்றியமைத்தவரிடமும் கராஜிடமும் வந்து நிற்கிறது.

அதற்குப் பெரிய மெசின் இல்லாமலே கொஞ்சம் செய்யலாம். பிரித்தானியாவின் வருடாந்தச் சோதனையில் உருளை மெசினில் ஏற்ற முடியாத காரை ஓட்டி, வேகம் குறையும் அளவைக் காட்டும் சிறு மானியால் அளப்பார்கள். பழைய கார்களுக்கு 50 வீதம், அதாவது புவியீர்ப்பில் பாதி, 2010 செப்ரெம்பருக்குப் பிந்தியவற்றுக்கு 58 வீதம். அதே அளவைக் காட்டும் உணரி இன்று ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் இருக்கிறது. பொது வீதியில் செய்யாமல், ஆளில்லாத மூடிய இடத்தில், போனை டாஷ்போட்டில் இறுகக் கட்டி, 30 இலிருந்து தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். வெளியே ஒருவர் நின்று எந்தச் சில்லு முந்திப் பூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கையால் தொடாமலே சூடு பார்க்கும் கருவியை முன் டிஸ்க் இரண்டிலும் பிடிக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கிற கருவி இதற்கு உதவாது, பட்டறைக்கென்று விற்பதை வாங்க வேண்டும். வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒரு பக்கத்துப் பிஸ்டன் இறுகியிருக்கிறது, அல்லது பைப் அடைத்திருக்கிறது. சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி 30 இலிருந்தே தொடங்க வேண்டும்.